கட்டை குடித்த தண்ணீர்

இலையே இல்லாத மரம் ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அங்கயற்கண்ணி திரையை மறுபடி பார்த்தாள். அதில் ஓடிய வரைகோட்டின் ஓரத்தில் இருந்த எண்ணைச் சரிபார்த்தாள். சந்தேகமில்லை. அது கூதக்கானல் சோலையின் பள்ளத்தில், ஊற்றுக்குச் சற்று மேலே இருக்கும் காட்டு நாவலின் அடிக்கட்டை. பதினொரு வருடங்களுக்கு முன்பு மலை சரிந்த அன்று முறிந்த மரம். முழங்கால் உயரத்துக்கு மேல் அதில் எதுவும் இல்லை. கிளை இல்லை, ஒரு துளிர்கூட இல்லை. அதில் வேண்டுமென்றேதான் ஓர் உணர்கருவியைப் பொருத்தியிருந்தாள். நூற்றுக்கணக்கான மரங்களில் நீரோட்டத்தை அளப்பவர்கள், எதுவுமே ஓடாத மரத்திலும் ஒரு கருவியை வைப்பார்கள். அது எப்போதும் பூஜ்யத்தைக் காட்டும். காட்டாவிட்டால் மற்ற அளவுகளையும் நம்ப முடியாது. தராசுத் தட்டில் ஒன்றும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைப் போன்ற வேலை அது.

அந்த முள் இப்போது நகர்ந்துகொண்டிருந்தது. அதுவும் இரவில் மட்டும்.

"கருவி கெட்டுப்போச்சுண்ணே" என்றாள்.

பிலவேந்திரன் பேட்டரி ஜீப்பின் மேல் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். சோலையில் இருக்கும் கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. பண்ணைக்காட்டுக்காரர். அதற்கு முன்னால் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்.

"மூணு தடவை மாத்திட்டேன் டாக்டரம்மா. கெட்டது கருவி இல்ல, கட்டைதான். எங்க சித்தப்பா இப்பிடித்தான். வீடே தூங்கினப்புறம் எந்திரிச்சுக் குடிப்பாரு. காலைல பாத்தா பச்சத்தண்ணி கூடத் தொடாத மாதிரி இருப்பாரு."

"அவருக்கு வாய் இருந்துச்சுல்ல. இதுக்கு எதுண்ணே வாய்?"

அவளுடைய குழப்பத்தின் மையம் அதுதான். மரம் தண்ணீரை மேலே தள்ளுவதில்லை, இழுக்கிறது. வெயில் பட்டதும் இலையின் நுண்ணிய துளைகள் வழியே ஈரம் காற்றில் போகிறது. போன துளியின் இடத்துக்குக் கீழே இருக்கும் துளி ஏறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே உள்ளது. இப்படி உச்சி இலையிலிருந்து வேரின் நுனிவரை ஒரே நீர்க்கம்பியாக, அறுபடாமல், முறுக்கேறி நிற்கிறது தண்ணீர். இழுக்கிற கை இலை. கையே இல்லாத கட்டையில் யார் இழுக்கிறார்கள்? அதுவும் மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கும் இரவில்?

வேறு வருடமாக இருந்தால் அவள் இதை ரசித்திருப்பாள். இந்த வருடம் சோலை செத்துக்கொண்டிருந்தது.

மஞ்சு என்று அவர்கள் சொல்லும் பனிமூட்டம் மலையேறி வருவது நின்று மூன்றாவது வருடம். கூதக்கானலில் மழை பாதித் தண்ணீரைத்தான் கொடுக்கும். மீதியை, பள்ளத்தாக்கிலிருந்து பொங்கி வரும் மஞ்சைச் சோலையின் இலைகளும் பாசிகளும் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்கும். அந்தச் சொட்டுகள்தான் பள்ளத்தின் அடியில் ஊற்றாகப் புறப்பட்டு ஊரை அடைந்தன. அடிவாரம் சூடேறச் சூடேற மஞ்சு உயரே உயரே போய், இப்போது உச்சிப் பாறைக்கும் மேலே வெறும் மேகமாகக் கடந்து போகிறது. மரங்கள் அதை எட்ட முடியாது. அதற்கு மேல் ஏறிப்போக மலையும் இல்லை.

பள்ளத்து மரங்களின் தண்டில் ஒட்டியிருந்த ஒலிவாங்கிகளை அவள் காதில் மாட்டினாள். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அவை கேட்கிற அளவுக்கு இறக்கித் தரும். சொடுக், சொடுக்சொடுக், சொடுக். விரலை நெட்டி முறிப்பதைப் போன்ற சத்தம். ஒவ்வொரு சொடுக்கும் ஒரு நீர்க்கம்பி அறுந்து அந்த இடத்தில் காற்று புகுந்ததன் சத்தம். போன மாதம் ஒரு மரத்தில் எப்போதாவது கேட்டது. இன்று அடைமழைபோலப் பொழிந்தது.

"மடையெல்லாம் மூடித்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

"மூடி ஒரு மாசமாச்சு. நானே ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் பள்ளத்துத் தண்ணி குறைஞ்சிட்டே போகுது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் குடிகாரக் கட்டையத்தான் கேக்கணும்."

விளையாட்டாகச் சொன்னார். அவள் எழுந்துவிட்டாள். "மண்வெட்டி இருக்காண்ணே?"

---

மடை என்று அவர்கள் சொன்னது என்ன என்பதைச் சொல்ல, மலை சரிந்த அந்த ஐப்பசிக்குப் போக வேண்டும்.

ஊரில் மேல்கரை, ஒத்தக்கல் என்று இரண்டு கரைகள். ஒத்தக்கல் கிழக்குச் சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. சரிவில் அப்போது மரமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த அந்நிய மரங்களை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். மூன்று நாள் மழையில் சரிவு தோல் உரிந்ததுபோல் வழுக்கி இறங்கி எட்டு வீடுகளை மூடியது. அங்கயற்கண்ணியின் அக்கா தவமணி மாட்டை அவிழ்க்கப் போனதால் பிழைத்தாள். அவள் கணவன் வீரணன் வீட்டுக்குள் இருந்தான்.

அங்கயற்கண்ணி அப்போது சமவெளியில் ஓர் ஆய்வகத்தில் வேர்ப்பூஞ்சைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் மண்ணுக்கடியில் மரத்துக்கு மரம் வெள்ளை இழைகள் ஓடும். வேரோடு வேர் பின்னி, இங்கிருந்து அங்கே துளி நீரும் துளி உணவும் கடத்தும் பூஞ்சை அது. இயற்கையான இழை விளக்குத்திரி மாதிரி. ஈரம் கசியும், அவ்வளவுதான். அவள் வளர்த்தெடுத்த இழை குழாய் மாதிரி. ஈரமான வேரிலிருந்து காய்ந்த வேருக்குத் தண்ணீரை ஓடவே விடும். மெல்லிய மின்சாரம் செலுத்தினால் இழை சுருங்கி அடைத்துக்கொள்ளும். அப்படி மின்சாரம் கொடுக்கிற, மண்ணில் புதைத்த சின்னப் பெட்டிகளுக்குத்தான் மடை என்று பெயர்.

பள்ளத்தில் நூற்றாண்டுகளாக நிற்கும் பழைய சோலை. அதன் ஓரத்திலிருந்து வெறும் சரிவுக்கு இழையை ஓட்டினாள். ஒத்தக்கல்காரர்கள் சரிவில் கன்றுகளை வைத்தார்கள். மண்ணுக்குள் போன ஒவ்வொருவருக்கும் ஒன்று, பிறகு அவர்களின் வீட்டார் சார்பில் இன்னும் பல. பழைய மரங்கள் பாலூட்டின. மற்ற இடங்களில் ஆள் உயரம் வர இருபது வருடமாகும் சோலைக் கன்றுகள் இங்கே பதினொரு வருடத்தில் தொடைப் பருமனுக்கு வந்து, வேர்விட்டு மலையைக் கவ்விக்கொண்டன. யாரும் அவற்றை மரம் என்று சொல்வதில்லை. "வீரணன் செண்பகம் பூத்திருக்கு" என்பார்கள். "சின்னப்பொண்ணு நாவல்ல குருவி கட்டிருக்கு."

எந்த மரத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கணக்கையும் அவள்தான் எழுதினாள். அதற்கு அவள் தன் ஊரையே பார்த்து எழுதினாள்.

ஊற்று ஊருக்குள் நுழையும் இடத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை கிடக்கிறது. அதில் சீப்பின் பற்களைப் போல ஒரே அகலத்தில் வெட்டுகள். ஒரு வெட்டின் வழியே விழும் தண்ணீர் ஒரு பங்கு. ஊற்று பெருகினால் எல்லாப் பங்கும் பெருகும், இளைத்தால் எல்லாப் பங்கும் இளைக்கும். மேல்கரை, ஒத்தக்கல், பணக்காரன், விதவை என்ற பேச்சே கிடையாது. யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. பல்லுப்பலகை என்பார்கள். பூண்டு விளைகிற எல்லா ஊர்களிலும் தண்ணீருக்காக மண்டை உடைந்திருக்கிறது, கூதக்கானலில் மட்டும் உடைந்ததில்லை என்பது அந்த ஊரின் பெருமை. அங்கயற்கண்ணி தன் கணக்குக்கும் பலகை என்றுதான் பெயர் வைத்தாள். எந்த மரம் காய்கிறதோ அதற்கு, மற்றதன் அளவு வரும்வரை. எல்லாருக்கும் சமமாக.

மஞ்சு இருந்தவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

---

கட்டையைச் சுற்றி முழங்கை ஆழம் தோண்டியதும் பிலவேந்திரன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

"இது எதோட வேரு?"

"நாவல்."

"அப்ப இது?"

அவள் அந்த வேரைத் தடவிக்கொண்டே போனாள். பக்கத்து மரத்தின் வேர் வந்து நாவலின் வேரில் முட்டியிருந்தது. முட்டிய இடத்தில் பட்டை இல்லை. கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தாள். ஒரு மரம் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடு எங்கேயும் இல்லை. ஒரே சதை. ஈரம் மினுமினுத்தது.

"ஒட்டுமா மாதிரி ஒட்டிக்கிச்சு" என்றார் பிலவேந்திரன்.

"என் இழைதான் ஒட்ட வச்சிருக்கு. வேர்ப்பட்டையைக் கரைச்சுத்தான் அது உள்ள போகும். ரெண்டு பக்கமும் பட்டை கரைஞ்சு, ரெண்டு வேரும் வருசக்கணக்கா உரசிட்டே கிடந்து..." அவள் நிறுத்தினாள். "இந்தக் கட்டைக்கு நான் இழையே விடலண்ணே. பக்கத்துலயும் விடல. தானாப் பரவி இங்க வரைக்கும் வந்திருக்கு."

கட்டை எப்படிக் குடிக்கிறது என்பது இப்போது புரிந்தது. பகலில் இலையுள்ள மரங்கள் எல்லாவற்றையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. இரவில் அவை ஓய்ந்ததும் வேர்களுக்குள் தேங்கும் தண்ணீர் கட்டைக்குள்ளும் கசிகிறது. கூடவே சர்க்கரையும். பதினொரு வருடமாக அக்கம்பக்கத்து மரங்கள் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தன.

அது புரிந்த அதே நொடியில் மற்றதும் புரிந்தது. இங்கே ஒட்டியிருந்தால் சரிவிலும் ஒட்டியிருக்கும். மடை அடைப்பது இழையை. தண்ணீர் இப்போது போவது இழையில் இல்லை, வேரிலேயே. ஒரு மாதமாக அவள் மூடி வைத்திருந்தது காலியான குழாய்களை.

"அப்ப மூடவே முடியாதா?" என்றார் பிலவேந்திரன்.

"மின்சாரத்துல முடியாது. மண்வெட்டியாலதான் முடியும். பள்ளத்துக்கும் சரிவுக்கும் நடுவுல அகழி வெட்டி, எல்லா வேரையும் துண்டிக்கணும்."

"துண்டிச்சா?"

"பள்ளத்துச் சோலை பிழைக்கும். ஊத்தும் பிழைக்கும்."

அவர் கிழக்கே பார்த்தார். சரிவு முழுக்க இளஞ்சோலை வெயிலில் பச்சையாக நின்றது. பள்ளத்தைவிட அதுதான் பச்சை.

"சரிவு?"

"இந்தக் கோடைக்குள்ள காஞ்சிடும். காஞ்ச மரத்தோட வேர் நாலஞ்சு வருசம் மண்ணைப் பிடிச்சிருக்கும். அப்புறம் மக்கிடும்."

பிலவேந்திரன் கட்டையின் வேர்மேல் மண்ணைத் திருப்பித் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினார்.

---

தவமணி வாசலில் தார்ப்பாயில் பூண்டைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழவில்லை. "வாடி. சும்மா நிக்காம ஒக்காந்து பிரி. சொத்தை ஒருபக்கம் போடு."

அங்கயற்கண்ணி உட்கார்ந்தாள். பிரிக்கப் பிரிக்கச் சொத்தைப் பக்கம்தான் உயர்ந்தது.

"அக்கா, மருந்தடிக்க நீல டிரம்ல இருந்து ஓஸ் போட்டுத் தண்ணி இறக்குவல்ல?"

"வாயால உறிஞ்சி விட்டா இறங்கும். அதுக்கென்ன?"

"நடுவுல காத்துப் புகுந்தா?"

"நின்னுபோகும். திரும்ப உறிஞ்சணும்."

"மரமும் அப்பிடித்தான். ஆயிரம் ஓஸ். காத்துப் புகுந்த ஓஸ அதால திரும்ப உறிஞ்ச முடியாது. ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அந்த அளவுக்குக் கீழ மண்ணு காஞ்சா, ஒண்ணு ரெண்டா அறாது, கொத்தாக் கொத்தா அறும். பள்ளத்து மரம் எல்லாம் இப்ப அந்த அளவுல வந்து நிக்கிது."

"சரிவுல பச்சையாத்தான் இருக்கு."

"பள்ளத்துதைக் குடிச்சுத்தான் பச்சையா இருக்கு. தண்ணி நிறைய இருந்தப்ப பகிர்ந்தது நல்லது. இப்ப இருக்கறது பாதிக் காட்டுக்குத்தான் பத்தும். பாதிக்குப் பத்தறத மொத்தத்துக்கும் சமமாப் பிரிச்சா, எல்லா மரமும் அந்த அளவுக்குக் கீழ போகும். எல்லாம் ஒரே நாள்ல போகும்."

தவமணியின் கை நின்றது. அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் ஊற்று இளைத்தபோது பலகையின் ஒவ்வொரு பல்லிலும் நூல்போலத் தண்ணீர் விழுந்தது. வாய்க்கால் மண்ணே அதைக் குடித்துவிட்டது, ஒரு வயலுக்கும் போய்ச் சேரவில்லை. நாலு பல்லை மட்டும் விட்டு மற்றதை அடைத்திருந்தால் நாலு வயலாவது விளைந்து விதைப்பூண்டு மிஞ்சியிருக்கும். யாருக்கும் அடைக்க மனம் வரவில்லை. ஊரே ஒன்றாகக் காய்ந்தது. விதைக்கு வெளியூரில் போய் நின்றார்கள். அந்த விதையில் வந்ததுதான் இந்தச் சொத்தை.

"சுத்தி வளைக்காத. என்ன பண்ணப் போற?"

அங்கயற்கண்ணி சொன்னாள். வேர்கள் ஒட்டிக்கொண்டு நாவல் கட்டைக்கு ஊட்டுவதையும், வேரைத் துண்டிப்பதையும், சரிவு காய்வதையும், அதற்குப் பிறகு ஒத்தக்கல் அங்கே இருக்க முடியாது என்பதையும்.

தவமணி ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

"நல்லாருக்குடி. மாமன மண்ணுக்குள்ளருந்து எடுத்தப்ப வந்து நின்னு என்ன சொன்ன? 'இனிமே இந்தச் சரிவு அசையாதுக்கா'ன்னு சொன்ன. நாங்க எல்லாரும் முட்டி தேய ஏறி வச்சோம். இப்ப வந்து மூட்டையக் கட்டுங்கற."

"ஊத்து போச்சுன்னா எல்லாரும்தான் மூட்டையக் கட்டணும்."

"அது எனக்குத் தெரியாதா? ரெண்டு கரையும் போறதுக்கு ஒரு கரை போறது மேலு. கணக்கு சரிதான். ஒங்கணக்கு என்னிக்குத் தப்பாச்சு?" பூண்டைச் சொத்தைப் பக்கம் எறிந்தாள். "ஊரு ஊராப் போய்ப் பேசினியே, எங்க காட்டுல மரம் ஒண்ணையொண்ணு காப்பாத்துதுன்னு. ஒண்ணுமத்த கட்டைக்கு, ஒத்த எலை இல்லாததுக்கு, பதினோரு வருசமா ஊட்டுது ஒங்காடு. எங்களத்தான் அதால காப்பாத்த முடியல."

அங்கயற்கண்ணி கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தாள். பையிலிருந்து கைத்திரையை எடுத்து நாவல் கட்டையின் கோட்டைத் திறந்தாள்.

கட்டை ஏன் குடிக்கிறது, எப்படிக் குடிக்கிறது என்று இத்தனை நாளாகக் கேட்டிருந்தாள். எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கவே இல்லை.

ஒரு இரவுக்கு ஒரு டம்ளர்.

சரிவில் அதே பருமனுள்ள இலைமரம் ஒரு பகலுக்குக் குடிப்பது நாலு குடம்.

"அக்கா" என்றாள். "அந்தக் கட்டையோட வேர் உசுரோடதான் இருக்கு. இன்னிக்குத் தோண்டிப் பாத்தேன். முழங்கை ஆழத்துக்குக் கீழ மம்மட்டி இறங்கல. அவ்வளவு இறுக்கமா மண்ணப் பிடிச்சிட்டிருக்கு."

"அதுக்கு?"

"மண்ணப் பிடிக்கறது வேரு. தண்ணியச் செலவு பண்றது எலை."

தவமணி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வீட்டுக் கூரைக்கு மேலே தெரிந்த சரிவைப் பார்த்தாள். செண்பகங்களில் அப்போது பூ இருந்தது.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"தெரியல. மொதல்ல ஒரு மரத்துல பாக்கணும். வெட்டினதும் வேர் செத்துப்போனா இது உதவாது. பக்கத்து மரம் அதுக்கு ஊட்டணும். ஊட்டுதான்னு பாக்கணும்."

தவமணி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப எங்க வீட்டுத வெட்டு. வேற யாருகிட்டப் போயிக் கேப்ப?"

---

அமாவாசைக்கு மறுநாள் காலையில் வீரணன் செண்பகத்தை அறுத்தார்கள். பிலவேந்திரன் மெஷின் ரம்பம் கொண்டுவந்திருந்தார். தவமணி வேண்டாம் என்றுவிட்டாள்.

"அது கத்தும். கையால அறுங்க."

ரம்பத்தின் ஒரு பக்கத்தைப் பிலவேந்திரனும் மறுபக்கத்தை அங்கயற்கண்ணியும் பிடித்தார்கள். பாதி போனதும் அங்கயற்கண்ணியின் கை ஓய்ந்தது. தவமணி அவளை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்தாள். மரம் சாய்ந்தபோது பூவெல்லாம் கொட்டியது. வாசனை தாங்க முடியாமல் இருந்தது. அறுத்த முகத்தில் தவமணி சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசினாள். காயத்துக்குப் பூசுவதைப் போல ஓரம்வரை தடவிவிட்டாள். கிளைகளை இலையோடு வெட்டி அங்கேயே மண்ணின் மேல் பரப்பினார்கள், மண் ஈரம் ஆவியாகாமல் இருக்க.

பிறகு காத்திருந்தார்கள். முதல் சில இரவுகளில் கருவி ஒன்றும் காட்டவில்லை. அங்கயற்கண்ணி சாப்பாட்டைத் தொடவில்லை. பிலவேந்திரன் வழக்கமான கேலியை நிறுத்திவிட்டு, கட்டையின் பக்கம் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்.

வளர்பிறை பாதி ஆனபோது கோடு அசைந்தது. ஒரு இரவுக்கு அரை டம்ளர். பிறகு ஒரு டம்ளர். அங்கயற்கண்ணி நகத்தால் பட்டையைக் கீறினாள். உள்ளே பச்சை. அந்த மரத்தோடு வேர் ஒட்டியிருந்த பள்ளத்து மரத்தில் ஒலிவாங்கியை வைத்துக் கேட்டாள். சொடுக்கு நின்றுபோயிருந்தது. ஒரே ஒரு மரத்தின் இலைகள் போனதற்கு, ஒரே ஒரு மரத்தில் அமைதி.

அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றித் தவமணியிடம் நீட்டினாள். தவமணி மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்க்கா."

---

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கரைக்காரர்களும் பல்லுப்பலகைக்குப் பக்கத்தில் கூடினார்கள். பலகையின் மேல் தண்ணீர் இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

சரிவு மரங்களை அறுக்க வேண்டும் என்பதை அங்கயற்கண்ணி சொன்னதும் மேல்கரையின் சன்னாசி முதலில் பேசினார். "நாங்களும் எங்க பக்கத்துப் பள்ளத்து மரத்த வெட்டுறோம். ஒத்தக்கல் மட்டும் ஏன் இழக்கணும்? சமமாப் பிரிச்சுக்குவோம். பள்ளத்துலயும் பாதி, சரிவுலயும் பாதி."

அவர் மனதாரத்தான் சொன்னார். கூட்டத்தில் பல தலைகள் ஆடின. இந்த ஊரில் பிறந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். அங்கயற்கண்ணியும் தன் கணக்கில் அதைத்தான் எழுதி வைத்திருந்தாள்.

"பள்ளத்துல ஒரு மரத்தையும் தொடக் கூடாதுண்ணே" என்றாள். "ஊட்டறது அதுங்கதான். அதுல பாதி போச்சுன்னா, கட்டைக்கு ஊட்ட ஆளிருக்காது. இது சமமாப் பிரிக்கிற விசயமில்ல."

"அப்ப ஒத்தக்கல்காரங்க சம்மதிக்கணும்."

தவமணி கூட்டத்துக்குள் இருந்து பேசினாள். "எங்களுதுதான் போகுது. வீடு போகல, ஊத்து போகல. செத்தவங்களத் திரும்ப ஒருக்கா எறக்கி வைக்கணும், அவ்வளவுதான். நான் எறக்கிட்டேன். மத்தவங்க அவங்கவங்க வீட்டுல பேசிக்கங்க."

யாரோ ஒரு பெண் அழுதாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஒருவர் மட்டும், வெட்டின மரம் திரும்ப வளருமா என்று கேட்டார்.

"வளரும்" என்றாள் அங்கயற்கண்ணி. "வேரு உசுரோட இருந்தா துளிர்க்கத்தான் செய்யும். அதுதான் கஷ்டம்."

"துளிர்க்கறதுல என்ன கஷ்டம்?"

"துளிர்னா எலை. எலைன்னா தண்ணி."

கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அங்கயற்கண்ணி சொன்னாள்.

"வேரத் தொடாதீங்க. ஒரு வேரு கூட அறக் கூடாது. சரிவுல இருக்கற எல்லா மரத்தையும் முழங்கால் உயரத்துல அறுத்துடணும், அடுத்த அமாவாசைக்குள்ள. அறுத்த எடத்துல சாணியும் களிமண்ணும் பூசணும். கெளைய எல்லாம் எலையோட அங்கயே பரப்பிடணும், வெறகுக்கு எடுக்கக் கூடாது. அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு வீட்டுலருந்தும் ஒருத்தர் மேல ஏறி, அவங்கவங்க கட்டையப் பாக்கணும். துளிர் விட்டிருந்தா கிள்ளிடணும். மஞ்சு திரும்ப வர்ற வரைக்கும் கிள்ளிட்டே இருக்கணும்."